சம்பளக் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியை வைத்துத் தவறைப் பிடிக்கும் வழி

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துச் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இரண்டு அரிசி ஆலை, ஒரு ஜவுளிக் கடை, ஒரு பாத்திரப் பட்டறை, ஒரு தனியார் பள்ளி. மாதம் பிறந்தால் முதல் வாரம் முழுக்க "சார், சம்பளம் தப்பா வந்திருக்கு" என்று யாராவது வந்து நிற்பார்கள். வருடக்கணக்கில் இதையே சரிசெய்து வந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தவறு பெரும்பாலும் நாள் கணக்கில் இருக்கிறது, ஃபார்முலாவில் இல்லை. ஆனால் கணக்குப் போடுகிறவர் முதலில் கை வைப்பது ஃபார்முலாவில்தான். ஒருத்தருக்கு இருந்த தவறு நாற்பது பேருக்குப் பரவுவது அப்படித்தான்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் போங்கள், தவறு அகப்பட்ட இடத்தில் நின்றுவிடுங்கள். ஆரம்பிக்கும் முன் சம்பளக் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வருகைப் பதிவேட்டையும் போன மாதச் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கேட்டு வந்தவரையும் உட்கார வையுங்கள். பாதி விவரம் அவரிடம்தான் இருக்கும்.

## அறிகுறி: போன மாதத்தைவிடக் கைக்குக் குறைவாக வந்திருக்கிறது

### வேலை நாள் எண்ணிக்கையே குறைந்திருந்தால்

குறுவை அறுவடை நேரம். ஆலையில் சுமை தூக்குகிற பெரியவர் ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பின்பக்கம் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தார். எண்ணினால் 24. விரல் ரேகை வைத்து வருகை பதியும் மெஷினில் 21. விடுபட்ட மூன்று தேதியிலும் மெஷினில் அவர் பெயரில் ஒரு பதிவுகூட இல்லை. அவர் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். சாக்கைப் பிடித்துப் பிடித்து ரேகை மழுங்கி, தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. மெஷின் அவரை அடையாளம் காண முடியாமல் விட்டிருக்கிறது. அவரோ சத்தம் கேட்டதும் பதிவாகிவிட்டது என்று நினைத்து உள்ளே போயிருக்கிறார். வாட்ச்மேன் நோட்டில் மூன்று நாளும் அவர் பெயர் இருந்தது. நாளுக்கு 580 ரூபாய், மொத்தம் 1,740.

இந்த ஆலைகளில் இது திரும்பத் திரும்ப வரும் பழுது. அவியல் தொட்டியில் ஈரக் கையோடு நிற்பவர், களத்தில் நெல் துழாவுகிறவர், பட்டறையில் பித்தளைக்கு மெருகு போடுகிறவர், எல்லோருக்கும் வரும். இந்த வரிசையில் பாருங்கள்:

- மெஷின் பதிவையும் வாட்ச்மேன் நோட்டையும் தேதிவாரியாக ஒப்பிடுங்கள். நோட்டில் இருந்து மெஷினில் இல்லையென்றால் ரேகைப் பழுது. இரண்டு கையிலும் வேறு வேறு விரல்களைப் பதியச் செய்யுங்கள். மோதிர விரல் பொதுவாக அவ்வளவு தேயாது. அதுவும் சரிவரவில்லை என்றால் அட்டை கொடுத்துவிடுங்கள்.
- உள்ளே வந்த பதிவு இருந்து வெளியே போன பதிவு இல்லையா? பல மெஷின்கள் அதை அரை நாளாகவோ வராத நாளாகவோ எடுத்துக்கொள்ளும். லாரி வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிய நாட்களில் இது கொத்தாக வரும்.
- ஒரே நாளில் பலருக்கும் பதிவு இல்லையென்றால் மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய் வரும்போது உள்ளே உள்ள சின்ன பேட்டரி செத்திருந்தால் தேதி எங்கோ பின்னால் போய்விடும். பதிவுகள் அழிந்திருக்காது, தப்பான தேதியின் கீழ் கிடக்கும். பேட்டரி மாற்றினால் தீரும்.
- ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இருவர் இருக்கிறார்களா? ஒருவருக்குக் குறைந்த நாள் மற்றவருக்குக் கூடியிருந்தால் இதுதான் காரணம். பெயரை விட்டுப் பணியாளர் எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.
- விடுமுறை நாள் 'வரவில்லை' என்று விழுந்திருக்கிறதா? தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கும், ஐந்து பண்டிகை நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. மெஷினுக்குப் பொங்கல் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

உள்ளூர் விடுமுறை தனிக் கதை. பெரிய கோயில் சதய விழாவுக்கோ திருவாரூர் ஆழித்தேருக்கோ ஆட்சியர் விடுமுறை விட்டால் அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக வரும். நான் பார்க்கும் பள்ளியில் விழா நாள் 'வரவில்லை' என்றும், ஈடான சனிக்கிழமை 'கூடுதல் நாள்' என்றும் விழுந்து இரண்டு பக்கமும் கணக்கு கெட்டது. ஆலைக்கும் கடைக்கும் அந்த விடுமுறை தானாகப் பொருந்தாது. விடுவதா இல்லையா என்று முதலாளியிடம் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

### நாள் சரி, தொகை குறைவு என்றால்

எதால் வகுத்தீர்கள் என்று பாருங்கள். மாதச் சம்பளம் 14,000, மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். 30-ஆல் வகுத்தால் பிடித்தம் 1,400. 26-ஆல் வகுத்தால் 1,615. 31 நாள் மாதத்தை 31-ஆல் வகுத்தால் 1,355. ஒரே ஆள், அதே மூன்று நாள், 260 ரூபாய் வித்தியாசம்.

எது சரி என்று என்னைக் கேட்டால், நியமன ஆணையில் எழுதியிருப்பதும் போன வருடம் கடைப்பிடித்ததும் எதுவோ அதுவே சரி என்பேன். 26-ஆல் வகுக்கிறவர் வாராந்திர விடுமுறையைச் சம்பள நாளாக எண்ணக் கூடாது, 30-ஆல் வகுக்கிறவர் எண்ண வேண்டும். பழுது வருவது இரண்டையும் கலக்கும்போதுதான். விடுப்புக்குக் கழிக்கையில் 26, வந்த நாளுக்குக் கொடுக்கையில் 30 என்று ஒரு கோப்பில் பார்த்தேன். கணக்குப் போடும் ஆள் மாறியபோது பழைய பத்தியை விட்டுவிட்டுப் புதுப் பத்தி சேர்த்ததில் வந்தது அது. தொழிலாளிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

### நாளும் சரி, வகுத்ததும் சரி என்றால்

இப்போது பிடித்தங்களுக்கு வாருங்கள். முன்பணத் தவணை இரண்டு முறை விழுந்திருக்கிறதா? மேலாளர் கையால் ஒரு முறை, கோப்பு தானாக ஒரு முறை என்று நடக்கும். தொழில் வரி பிடிக்கும் மாதமா? டிசம்பரா? தொழிலாளர் நல நிதிக்கு வருடத்துக்கு ஒரு முறை டிசம்பரில் ஒரு சின்னத் தொகை பிடிபடும், ஜனவரிக்குள் கட்டுவது. தொகை சிறியது என்றாலும் சீட்டில் பெயர் போடாமல் பிடித்தால் சந்தேகம் பெரிதாகும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: பேட்டரி மாற்றியும் தேதி நகர்ந்தால் மெஷின் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். வகுக்கும் எண் பல மாதமாகத் தப்பாக இருந்தது என்று தெரிந்தால் நீங்களாக நிலுவை போடாமல் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் போங்கள். அந்த மாதங்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் கூடவே மாறும்.

## அறிகுறி: ஓவர்டைம் தொகை நம்ப முடியாத அளவு குறைவு

மாதச் சம்பளம் 12,480 உள்ள ஒருவர். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 480, எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 60. ஓவர்டைம் இரட்டைச் சம்பளம், அதாவது மணிக்கு 120. மாதத்தில் 18 மணி நேரம் செய்திருந்தால் 2,160 வர வேண்டும். தப்பாக வந்த எண்ணைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

1,080 வந்தால் ஒற்றைச் சம்பளத்தில் போட்டிருக்கிறீர்கள்.

90 வந்தால் எக்செல் நேரத்தை ஒரு நாளின் பங்காக வைத்திருக்கிறது. 18 மணி என்பது அதற்கு முக்கால் நாள், முக்காலை 120-ஆல் பெருக்கினால் 90. நேரத்தை முதலில் 24-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் கூலியால் பெருக்குங்கள்.

கொஞ்சம் மட்டும் குறைந்தால் புள்ளியைப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்தை 2.30 என்று அடித்திருப்பார்கள், கணக்குக்கு அது 2.5. ஆறு நாள் இரண்டரை மணி நேரம் என்றால் 15 மணி. 2.30 என்று அடித்தால் 13.8 வரும். 144 ரூபாய் போய்விட்டது. இதை யாரும் சட்டென்று கண்டுபிடிக்க மாட்டார்கள், அதனால்தான் இது மாதக்கணக்கில் ஓடும்.

26 மணி நேரம் 2 மணி என்று காட்டினால் 24-ஐத் தாண்டியதும் எக்செல் சுற்றிவிட்டது. கட்டத்தின் வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்தால் முழு மணியும் தெரியும்.

வேலி மாதிரி குறிகள் வந்தால் இரவு ஷிப்ட். இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போனவருக்கு ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழித்தால் எதிர்மறை. போன நேரம் வந்த நேரத்தைவிடச் சின்னதாக இருந்தால் ஒரு நாள் கூட்டச் சொல்லி ஃபார்முலா எழுதுங்கள். மெஷினிலும் நாள் மாறும் நேரத்தை நள்ளிரவிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தள்ளி வைக்க வழி இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு இரவு வேலை இரண்டு அரை நாளாக உடையும்.

இதில் ஆள் கூப்பிட வேண்டிய அவசியம் அபூர்வம். ஒரு காகிதத்தில் ஒரே ஒருவருக்குக் கையால் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி: மொத்தம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் உதைக்கிறது

எக்செல் காட்டுவது ஒன்று, உள்ளே வைத்திருப்பது ஒன்று. 538.46 என்பதை 538 என்று காட்டச் சொன்னால் காட்டும், கூட்டும்போது 538.46-ஐத்தான் கூட்டும். காட்சியை மாற்றாமல் ஒவ்வொருவர் வரிசையிலும் ரவுண்ட் ஃபார்முலா போட்டு முழு ரூபாயாக்குங்கள். அப்புறம் கூட்டுங்கள்.

ஒரு ஆளின் தொகை முழுதாக விடுபட்ட அளவு வித்தியாசம் வந்தால் ரவுண்டிங் இல்லை. அந்தக் கட்டத்தில் எண் இடது பக்கம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். அது எழுத்தாகப் பதிந்த எண், கூட்டலில் சேராது. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை ஒட்டும்போது இப்படி வரும்.

## அறிகுறி: பி.எஃப். தொகை சலானோடு (பணம் கட்டும் சீட்டோடு) ஒத்துவரவில்லை

### எல்லோருக்கும் ஒத்துப்போய் ஒருவருக்கு மட்டும் உதைத்தால்

அவர் மாதத்தில் பாதி நாள்தான் வந்தாரா? மாதச் சம்பளம் 20,000 உள்ளவர் 15 நாள் வேலை செய்தால் ஈட்டியது 10,000. பி.எஃப். அந்த 10,000-க்கு 12 சதவீதம், 1,200. பி.எஃப். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பான 15,000-ஐயும் பாதியாக்கி 7,500-க்கு 900 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உச்சவரம்பு நாளுக்கு ஏற்பக் குறையாது.

அவருக்கு 58 வயது நிறைந்துவிட்டதா? பிறகு ஓய்வூதியத் திட்டத்துக்கு எதுவும் போகாது, முதலாளியின் 12 சதவீதமும் பி.எஃப். கணக்குக்கே போகும். ஆலைகளில் 58-க்கு மேல் வேலை பார்ப்பவர் நிறைய. பிறந்த தேதிப் பத்தியை வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

சேரும்போதே 15,000-க்கு மேல் சம்பளம், அதுவும் முதல் முறை உறுப்பினர் என்றால் 2014 செப்டம்பருக்குப் பிறகு அவர் ஓய்வூதியத் திட்டத்தில் வர மாட்டார்.

### பங்கு பிரிப்பது தப்பினால்

முதலாளி பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்கு, மீதி பி.எஃப்.-க்கு. சம்பளம் 15,000 என்றால் தொழிலாளி பங்கு 1,800. முதலாளி பங்கில் ஓய்வூதியம் 1,250, மீதி 550. முதலில் ஓய்வூதியத்தைப் போட்டு முழு ரூபாயாக்கி, அதை 1,800-லிருந்து கழியுங்கள். மீதி 3.67 சதவீதத்தைத் தனியாகப் பெருக்கினால் சில தொகைகளில் ஒரு ரூபாய் இடறும்.

### மொத்தச் சலான் சிறிது கூடுதலாக வந்தால்

நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதம், ஆனால் குறைந்தது மாதம் 500 ரூபாய். எட்டுப் பேருக்கு மொத்தச் சம்பளம் 88,000 என்றால் 440 என்று நீங்கள் போடுவீர்கள், சலான் 500 கேட்கும். இதில் தவறு எதுவும் இல்லை, தேட வேண்டாம்.

### கோப்பு பி.எஃப். தளத்தில் ஏறவே மறுத்தால்

பெரும்பாலும் பெயர். நம் பக்கத்தில் தலைப்பெழுத்து முன்னால் வரும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஒரே ஆள் மூன்று பெயரில் நிற்பார். புது ஆள் சேர்ந்த அன்றே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதிந்துவிடுங்கள். ஏற்கெனவே தப்பாகிவிட்டால் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், சிலருக்கு அதில் முதலாளியின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். கடன் கேட்டோ ஓய்வு பெற்றோ வரும் நாளில் இதைக் கண்டுபிடித்தால் அவருக்கு அது பெரிய அலைச்சல். வேலையில் இருக்கும்போதே சரிசெய்து கொடுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்துப் படிகளைப் பெரிதாக்கியிருக்கும் நிறுவனமா? 2019 பிப்ரவரி 28-ல் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படி பி.எஃப். கணக்கில் சேரும் என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் சம்பளத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதைச் சம்பளமாகக் கணக்கிடச் சொல்கின்றன. மொத்தம் 16,000-இல் அடிப்படை 6,000, அப்படிப்பட்ட படிகள் 10,000 என்றால், 8,000-க்கு மேற்பட்ட 2,000 அடிப்படையோடு சேரும். இந்த அமைப்பை நீங்களாக மாற்ற வேண்டாம். பி.எஃப். ஆலோசகரை உட்கார வைத்து எல்லோருக்கும் ஒன்றாகச் செய்யுங்கள். பி.எஃப். கட்ட வேண்டிய 15-ஆம் தேதியைத் தாண்டிவிட்டாலும் உடனே கேளுங்கள். வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி, அதோடு மாதம் 1 சதவீதம் அபராதம் ஏறும். தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது குற்ற வழக்கு வரைக்கும் போகும்.

## அறிகுறி: இ.எஸ்.ஐ. பிடித்தம் தப்பு, அல்லது மருத்துவமனையில் திருப்பி அனுப்புகிறார்கள்

ஒரு ரூபாய் வித்தியாசம்: தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். 18,560-க்கு 139.20 வரும், 140 பிடிக்க வேண்டும். சாதாரண ரவுண்ட் 139 கொடுக்கும்.

ஓவர்டைம் சேர்ந்ததும் நின்றுவிட்டது: சம்பளம் 19,800, ஓவர்டைம் 2,160, மொத்தம் 21,960. இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டிவிட்டது என்று கோப்பு பிடித்தத்தை நிறுத்திவிடும். வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கையில் ஓவர்டைம் சேராது. 2025 நவம்பருக்கு முந்தைய சட்டப்படி பிடிக்கும்போது சேர்ந்தது, அப்படி 21,960-க்கு 165 ரூபாய்.

சம்பள உயர்வுக்குப் பிறகு நின்றுவிட்டது: இதுதான் ஆளைப் பாதிக்கும் தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம். ஜூனில் 20,500-லிருந்து 22,000 ஆனாலும் செப்டம்பர் 30 வரை 22,000-க்குப் பிடித்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். பிடித்தத்தை ஜூனிலேயே நிறுத்தினால் அந்தக் காலத்தில் தேவையான 78 நாள் பங்களிப்பு சேராது. அப்புறம் ஜனவரி முதல் ஜூன் வரை அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் நோய்க்கால உதவி கிடைக்காது. அது கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. மாதம் 165 ரூபாயை மிச்சம் பிடித்ததாக அவரே முதலில் சந்தோஷப்படுவார், அதனால் புகார்கூட வராது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாள் கூலி 176 ரூபாய்க்குள் இருப்பவர்: அவர் பங்கு கட்ட வேண்டாம், முதலாளியின் 3.25 சதவீதம் மட்டும்.

மருத்துவமனையில் பெயர் வரவில்லை என்றால் முதலில் 15-ஆம் தேதிக்குள் கட்டினோமா, அவருடைய பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைச் சரியாக அடித்தோமா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் சலான் நகலோடு ஆளையும் அழைத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போனில் இது முடிவதில்லை.

## அறிகுறி: "இந்த மாதம் திடீரென்று தொழில் வரி"

இது அரையாண்டு வரி, மாத வரி இல்லை. ஆறு மாதச் சம்பளத்தைக் கூட்டி, எவ்வளவு வருமானத்துக்கு எவ்வளவு வரி என்ற அடுக்கைப் பாருங்கள். ஆறு மாத வருமானம் 21,000 வரை வரி கிடையாது. மாதச் சம்பளத்தை வைத்து அடுக்கைத் தேடுவதுதான் வழக்கமான தவறு, அதில் எல்லோருக்கும் வரி இல்லை என்றே வரும். வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாருக்கும் போகக் கூடாது.

தொகை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. கடை மாநகராட்சி எல்லைக்குள், ஆலை பக்கத்து ஊராட்சியில் என்றால் ஒரே முதலாளிக்கு இரண்டு பட்டியல். ஆள் எங்கே வேலை செய்கிறாரோ அந்த ஊர்ப் பட்டியலை எடுங்கள். அரையாண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் பிடிப்பதைவிட மாதாமாதம் ஆறில் ஒரு பங்கு ஒதுக்கினால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

வருமான வரிப் பிடித்தம் எங்கள் பக்கத்துச் சின்ன நிறுவனங்களில் அபூர்வம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் சம்பளம் 12,75,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒருவர் இருந்தால் ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: சம்பளம் போட்டாச்சு, கணக்கில் விழவில்லை

கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறியிருக்கிறதா? எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, 16-ஆவதைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தையும் தின்றுவிடும். அந்தப் பத்தி முழுவதையும் முதலிலேயே எழுத்து வடிவத்தில் வைத்துவிட்டு அப்புறம் அடியுங்கள்.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். ஓ என்ற ஆங்கில எழுத்தை அடித்திருப்பார்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குறியீடு பழையதாகவும் இருக்கலாம். 2020-ல் பல வங்கிகள் இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கைப் பார்த்து அடித்தால் திரும்பி வரும். புது பாஸ்புக்கைக் கேளுங்கள்.

பத்து மாதம் ஒழுங்காக விழுந்து பிப்ரவரி, மார்ச்சில் நின்றால் முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த சிறு கணக்காக இருக்கும். அதில் நிதியாண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. மாதம் 9,500 வாங்குகிறவருக்கு பதினொன்றாவது மாதம் வரம்பைத் தாண்டும். தொழிலாளி ஆதாரோடு கிளைக்கு ஒரு நடை போனால் தீரும். அரை நாள் விடுப்பு கொடுத்து அனுப்புங்கள், அதைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

உள்ளூர் விடுமுறையால் வங்கி மூடியிருந்ததோ என்று தேட வேண்டாம். அந்த விடுமுறை வங்கிகளுக்குப் பொருந்தாது என்று ஆணையிலேயே இருக்கும்.

## அறிகுறி: பிடித்தம் போக எதுவும் மிஞ்சவில்லை

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் எங்களுக்கு முன்பணச் சீட்டுகள் குவியும். ஆலையில் வேலை செய்யும் பலருக்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குறுவை உண்டு. விதைநெல், உழவுக் கூலி, அதே மாதம் பள்ளிக்கூடக் கட்டணம். மூன்று முன்பணம் மூன்று தவணையாக ஓடி, மழை மாதத்தில் களம் ஈரமாகி வேலை நாளும் குறையும்போது சீட்டில் எதிர்மறை எண் வரும்.

சட்டப்படி மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., வரி எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் முன்பணத் தவணை. கோப்பில் ஒரு பத்தி சேர்த்து, பாதியைத் தாண்டினால் தவணையைத் தானாகக் குறைத்து மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளும்படி எழுதிவையுங்கள். நான் இதைச் செய்த பிறகு மழை மாதத்தில் யாரும் வெறுங்கையோடு போனதில்லை. முதலாளிக்கும் பணம் திரும்பி வருகிறது, இரண்டு மாதம் தள்ளி.

## அறிகுறி: தீபாவளி போனஸும் விலகியவர் கணக்கும்

போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். மாதம் 7,000 ரூபாயை வைத்து முழு வருடத்துக்குப் போட்டு 6,997 கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி 7,000-ஐத் தாண்டினால் கூடுதலான அதை வைத்துத்தான் போட வேண்டும்.

பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப: 30-ஆல் வகுப்பது. கடைசிச் சம்பளம் 13,000, சேவை ஐந்து வருடம் ஏழு மாதம். ஆறு மாதத்தைத் தாண்டியதால் ஆறு வருடம். 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500, ஆறு வருடத்துக்கு 45,000. 30-ஆல் வகுத்தால் 39,000. விலகியவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். சேவை இடையில் முறிந்ததா இல்லையா என்று தகராறு வந்தால் கணக்கை மூடிவைத்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

## தவறு கிடைத்த பிறகு

போன மாதக் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றாதீர்கள். சலான் அந்த எண்ணை வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இந்த மாதத்தில் 'நிலுவை' என்று தனிப் பத்தியில் போடுங்கள். அதற்குரிய பி.எஃப்.-ஐ நிலுவைக் கோப்பாகவே ஏற்றுங்கள். சீட்டில் காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். அந்தப் பெரியவரின் அடுத்த சீட்டில் நான் எழுதியது இது:

"சென்ற மாதம் 9, 10, 17 தேதிகள் ரேகை பதியாததால் விடுபட்டவை. 3 நாள் × 580 = 1,740. வாட்ச்மேன் நோட்டின்படி சேர்க்கப்பட்டது. இடது மோதிர விரல் புதிதாகப் பதியப்பட்டுள்ளது."